சட்டாம்பிள்ளையின் பிரம்பு
(பி.ஏ. வரலாறு, 1971–74 அணி)

பழைய மாணவர் சங்கச் சந்திப்பு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, முதலில் தயங்கினேன். நம் அணியில் கவிதை எழுதியவர்கள் உண்டு, பேரவைத் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் உண்டு, பேசிப் பேசியே கோப்பைகளைக் குவித்தவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத என்னை, ஒரே ஒரு சம்பவத்தை வைத்துத்தான் நண்பர்கள் இன்றும் அடையாளம் சொல்கிறார்கள். "நன்றி" என்பதுதான் எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்.

புதியவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1973-ல் வரலாற்று மன்ற ஆண்டு விழா. மூன்று நிமிட நன்றியுரை என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, மனப்பாடம் செய்து, காகிதத்தையும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மைக் முன்னால் நின்றதும் எல்லாம் போயிற்று. பையில் காகிதம் இருப்பதே மறந்துவிட்டது. "அனைவருக்கும் நன்றி" என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சிறப்பு விருந்தினரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அரங்கமே சிரித்தது.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் நம் வரலாற்றுப் பேராசிரியர் என்னைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "தம்பி, பள்ளிக்கூடத்துல படிச்ச பதினோரு வருஷத்துல, நீ யாருக்காவது எதையாவது எடுத்துச் சொல்லியிருக்கியா?" யோசித்துப் பார்த்தேன். இல்லை. "அப்ப உன் மேல தப்பில்ல. வாயைத் திறந்தா அடி விழும்னே பழக்கிட்டு, இருபது வயசுல மைக்கைக் கையில கொடுத்தா என்னத்தப் பேசறது?"

அந்தக் கேள்வியோடுதான் நான் ஆசிரியனானேன். முப்பத்தைந்து ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வும் பெற்றேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தைரியமும் பொறுப்பும் எப்படி வருகின்றன என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சம் வரலாற்றையும், நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன்.

திண்ணையில் தொடங்கிய வழக்கம்

வகுப்புக்கு ஒரு லீடர் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். உ.வே.சா. தம் 'என் சரித்திரம்' நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதில் இந்தச் சட்டாம்பிள்ளையும் வருகிறான். மூத்த மாணவன் ஒருவன், வாத்தியார் இல்லாத நேரத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பான். சின்னவர்களுக்கு முறை வைத்துப் பாடம் சொல்லுவான். பாடம் ஒப்பிக்கக் கேட்பான்.

1822-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எல்லா ஜில்லா கலெக்டர்களையும் கணக்கெடுக்கச் சொன்னார். வந்து சேர்ந்த கணக்குப்படி 12,498 பள்ளிகள். இவற்றில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமேயில்லை. இதை மறைத்துவிட்டு நம் பழம்பெருமை பேசுவது வரலாறு ஆகாது.

அந்தக் கணக்கோடு 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய அறிக்கை சுவையானது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். அதே கேம்பெல் இன்னொன்றையும் எழுதினார். கொஞ்சம் படித்த பிள்ளை, படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அப்படிச் சொல்லிக்கொடுக்கும்போது அவனுடைய சொந்த அறிவும் உறுதிப்படுகிறது. இந்த முறை போற்றத்தக்கது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரியே என்றார்.

ஒரே திண்ணையில் இரண்டு வழக்கங்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்று சொல்லிக்கொடுப்பது. மற்றொன்று பிரம்பு. சட்டாம்பிள்ளையின் கையில் இரண்டுமே இருந்தன. என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். "வாத்தியாருக்குக்கூட பயப்பட மாட்டோம்டா, சட்டாம்பிள்ளைக்குத்தான் பயம். மடியில கட்டிட்டு வந்த கடலையில பாதி அவனுக்கு" என்பார்.

எழும்பூரில் ஓர் எட்டு வயது வாத்தியார்

இங்கிலாந்து எதைப் பின்பற்றியது? அந்தக் கதை நம் எழும்பூரில் நடந்தது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் இந்தியா வந்தார். 1789-ல் எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். காகிதச் செலவில்லை, பலகைச் செலவில்லை. தம் பள்ளி ஆசிரியர்களிடம், நாமும் இப்படிச் செய்வோம் என்றார். அவர்களோ இதெல்லாம் நடக்காத காரியம் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பெல் யோசித்தார். பெரியவர்களோடு மல்லுக்கட்டாமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஃபிரிஸ்கன் ஒரு சாதாரணப் படைவீரனின் மகன். அப்போது அவனுக்கு வயது எட்டு! ஆசிரியர்கள் முடியாது என்ற வேலையை அந்தப் பையன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை வந்தது. மணலில் எழுதுவதை நம் பள்ளியில் கண்டதாகவே பெல் எழுதிவைத்தார். சட்டாம்பிள்ளை முறையையும் இங்கிருந்தே எடுத்தாரா, தாமே கண்டுபிடித்தாரா என்பது இன்னும் வாதத்துக்குரியது.

1797-ல் லண்டனில் இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்று, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830-களில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

என்னைக் கவர்ந்த செய்தி இன்னொன்று. பெல் தம் பள்ளியில் அடியைக் குறைத்தார். குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை மாணவர்களே கூடி விசாரிக்கும் ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதுபோன்ற முறையிலேயே பள்ளி நடத்தினார். அவரும் அடிக்கு எதிரிதான். ஆனால், தப்பு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பது, கழுத்தில் கட்டையை மாட்டுவது என்று அவமானத்தையே தண்டனையாக்கினார். பிரம்பு போய்விட்டால் மட்டும் போதாது என்பதற்கு இது உதாரணம்.

இந்த முறை நெடுநாள் நிற்கவில்லை. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் சிக்கன வழியாகவே பலரும் அதைப் பார்த்தார்கள். பாடம் வெறும் உருப்போடலாகச் சுருங்கியது. 1846-க்குப் பிறகு இங்கிலாந்தில், சம்பளத்தோடு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் முறை அதன் இடத்துக்கு வந்தது. பிள்ளையை வளர்க்கப் பொறுப்புக் கொடுப்பது ஒன்று. செலவை மிச்சப்படுத்தப் பொறுப்புக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தை நான் பின்னால்தான் உணர்ந்தேன்.

அழையாமல் வந்த பெண்கள்

அடுத்த கட்டம் சாரணர் இயக்கம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போய் முகாம் போட்டார். நான்கு அணி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன். கூடாரம், சமையல், இரவுக் காவல் எல்லாம் அவன் பொறுப்பு. பெரியவர் தூரத்தில் நின்று பார்ப்பார். ஐந்தாறு பேர் கொண்ட சிறு கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பன்னிரண்டு வயதுப் பையனால் முடியும். நாற்பது பேருக்குத் தலைமை தாங்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். என் கணக்கில் அந்த இயக்கத்தின் ரகசியமே இதுதான்.

1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தது. யாரும் அழைக்காமலே சில சிறுமிகள் சாரணர் உடையில் வந்து நின்று, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் பிறகே சாரணியர் இயக்கம் பிறந்தது. நம் நாட்டிலும் இதுபோல் ஒரு வாசல் அடைத்திருந்தது. தொடக்கத்தில் இங்கே ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே இடம். முதல் உலகப்போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது இணைந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1948-ல் என்.சி.சி., 1950-ல் பாரத சாரண சாரணியர் இயக்கம் என்று வரிசையாக வந்தன.

இத்தனை வந்தும் நம் சாதாரணப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எஞ்சியது என்ன? ஆசிரியர் வெளியே போகும்போது, "லீடர், பேசறவங்க பேரை எழுதி வை" என்பார். கரும்பலகையின் ஓரத்தில் பெயர்கள் ஏறும். சிலருக்குப் பக்கத்தில் "மிக அதிகம்" என்றும் இருக்கும். ஆசிரியர் வந்ததும் அடி. நாம் எல்லோரும் இதைக் கண்டவர்கள்தாம். திண்ணையில் இருந்த இரண்டு வழக்கங்களில் சொல்லிக்கொடுப்பது கரைந்துபோய், பிரம்பு மட்டும் தங்கிவிட்டது.

நான் பிய்த்தெடுத்த பேட்ஜ்

இதையெல்லாம் படித்திருந்த நானும் அதையே செய்தேன். 1984-ல் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். பொறுப்பான, கைசுத்தமான பையன் ஒருவனை லீடராக வைத்தேன். ஒருநாள் எச்.எம். அறைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது வராந்தா முனையிலேயே என் வகுப்பின் இரைச்சல் கேட்டது. உள்ளே வந்து பார்த்தால் பலகை சுத்தமாக இருந்தது.

"எங்கடா லிஸ்ட்?"

பதில் இல்லை. மூன்று முறை கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையில் இரண்டு அடி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அவன் சட்டையில் குத்தியிருந்த 'லீடர்' பேட்ஜை எல்லோர் முன்னிலையிலும் பிய்த்தெடுத்தேன். சட்டைப் பை கிழிந்தது. வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. 1973-ல் நான் கேட்டது.

அந்த ஆண்டு முழுவதும் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரவேயில்லை. வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

1997-ல் வேறொரு ஊரில் என் ஸ்கூட்டர் நின்றுபோனது. தள்ளிக்கொண்டு போன பட்டறையின் முதலாளி அவன்தான். அவனே என்னை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு ஏம்ப்பா பேர் எழுதல?"

சிரித்தான். "எல்லாரும்தான் சார் பேசினோம். நானும்தான் பேசினேன். மொதல்ல என் பேரைத்தான் எழுதினேன். அப்புறம் மத்தவங்களையும் எழுதணுமேன்னு அழிச்சிட்டேன்."

படிப்பை நிறுத்தியது என்னால்தானா என்றும் கேட்டேன். "இல்ல சார், அப்பாவுக்குக் கடன்" என்றான். எனக்காகச் சொன்னானா, உண்மையே அதுதானா, தெரியவில்லை. அப்போது அவனிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் நட்டுகளைக் கீழே கொட்டிவிட்டான். நான் அடி விழும் என்று பார்த்தேன். "பரவாயில்ல, பொறுக்கி எடு. நீயே மாட்டு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றான். எங்கள் வகுப்பில் உண்மையான தலைமைக் குணம் இருந்த ஒரே பையனிடமிருந்துதான் நான் அந்தப் பேட்ஜைப் பறித்திருக்கிறேன் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

வேப்பமரத்தடி இருபது நிமிடம்

அந்த ஜூனில் பள்ளி திறந்ததும், எச்.எம்.மின் அனுமதியோடு ஒரு ஏற்பாடு செய்தேன். ஆறாம் வகுப்பில் தமிழ் வாசிக்கவே தடுமாறுகிற பிள்ளைகள் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர். இடம் வேப்பமரத்தடி.

முதல் வாரம் ஒரே ரகளை. மூன்றாம் நாள் பார்க்கிறேன், எட்டாம் வகுப்புப் பையன்கள் ஆளுக்கொரு பூவரசங்குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்! குச்சியை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. அவர்களாகவே ஒடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்களைப் பார்த்துத்தானே கற்றிருப்பார்கள்?

பிறகு சில விதிகள் வைத்தோம். குச்சி கூடாது, பெயர் எழுதுவது கூடாது. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் என்னிடம் வந்து, "இவனுக்கு இது வரலை, இது வந்திருச்சு" என்று சொல்ல வேண்டும். நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும் அல்லாமல், எல்லோருக்கும் முறை உண்டு. நான் மரத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டேன். எனக்குக் கஷ்டமான விதி அதுதான்.

ஒரு தாயார் சண்டைக்கே வந்துவிட்டார். "எம் பொண்ணு படிக்க வர்றாளா, வாத்தியார் வேலை பாக்க வர்றாளா?" கேள்வியில் நியாயம் இருந்தது. பெல்லின் முறை எங்கே கெட்டுப்போனது என்று எனக்குத் தெரியுமே! அதனால்தான் இருபது நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் போகவிடவில்லை. எங்கள் வேலையை அவர்கள் தலையில் கட்டவும் இல்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண். வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" என்று அவள் சொல்வது முன் பெஞ்சுக்குக்கூடக் கேட்காது. அவளுக்கு முதலில் இரண்டே இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன், பிறகு நான்காக்கினேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம், ஆசிரியர்கள் எல்லோரும் இருந்த நேரத்தில் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், பீரோ சாவி வேணும்."

"எதுக்கும்மா?"

"புள்ளைங்களுக்குக் கதைப் புத்தகம் வேணும். பாடப் புத்தகத்த முடிச்சிட்டாங்க. பீரோவப் பூட்டியே வச்சிருந்தா எப்படி சார் படிப்பாங்க?"

அறையில் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பீரோவைத் திறந்தே வருஷக்கணக்காகியிருந்தது. சாவியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

அந்தப் பெண் பிற்காலத்தில் கலெக்டரானாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சுப் போட்டியில்கூட அவள் பரிசு வாங்கியதில்லை. ஆனால் அன்று பேசினாள். தனக்காகக் கேட்டிருந்தால் அந்தக் குரல் வந்திருக்காது. தன்னை நம்பி உட்கார்ந்திருந்த நான்கு பிள்ளைகளுக்காகக் கேட்டாள், வந்தது. எட்டு வயது ஃபிரிஸ்கனுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். "தைரியமாப் பேசு, தைரியமாப் பேசு" என்று ஒரு பிள்ளையிடம் நூறு தடவை சொல்வதைவிட, அதன் பொறுப்பில் இன்னொரு சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு நாம் சற்றுத் தள்ளி நிற்பதே நல்ல வழி. முப்பத்தைந்து ஆண்டில் நான் கற்றது இவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள்

நம்மில் பெரும்பாலோர் இப்போது ஓய்வில் இருக்கிறோம். நம் வீட்டுப் பக்கத்தில் நிச்சயம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். நம் சங்கம் பேச்சுப் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கட்டும். அது நல்ல காரியம். ஆனால் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு ஏற்கெனவே பேச வரும். வராத பிள்ளைகளுக்காகத் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று வாரத்தில் ஒருநாள் போய் உட்காருவோம். அங்கே சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மரத்தடியும் இருபது நிமிடமும் ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும். தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் உடனே குறுக்கே விழக்கூடாது. பூட்டிக் கிடக்கும் பீரோ இருந்தால், சாவி எங்கே என்று விசாரியுங்கள்.

கடைசியாக, 1973-ல் நான் பாக்கி வைத்த நன்றியுரை ஒன்று இருக்கிறது. அன்றைய சிறப்பு விருந்தினருக்கும், சிரித்த நண்பர்களுக்கும், சைக்கிள் ஸ்டாண்டில் என்னைத் திட்டாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்ட பேராசிரியருக்கும், பெயர் எழுதாமல் பலகையை அழித்துவிட்டு அடி வாங்கிய அந்த மாணவனுக்கும், ஐம்பது ஆண்டு கழித்து என் நெஞ்சார்ந்த நன்றி. இந்தத் தடவை காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.